வயிறு பழகிவிட்ட புழு

ஒருவரின் சிறுகுடலில் நூறு கொக்கிப்புழுக்கள் பல ஆண்டுகளாகக் கடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்; வயிற்றுவலி என்று ஒன்று வந்ததாகவே அவருக்கு நினைவிருக்காது. இன்னொருவரின் வயிற்றுக்குள் ஒரே ஒரு புழு, அதுவும் முழு வளர்ச்சி எட்டாத ஒன்று, போய்ச் சேரும். குடல்வால் வெடித்துவிட்டதோ என்று பயந்து அறுவை மேசையில் படுக்கவைக்கும் அளவுக்கு அவர் துடித்துப்போவார். இரண்டுமே மருத்துவ உலகம் பார்த்துப் பதிவு செய்தவை. கொக்கிப்புழு என்றதும் ரத்தசோகையை மட்டும் நினைக்கப் பழகியிருக்கிறோம். குடலில் அது என்ன செய்கிறது, எப்போது வலிக்கவைக்கிறது, ஏன் வலிக்காமல் போகிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பேசாததன் விளைவைக் கட்சால் போன்ற ஒரு தீவில் வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும்: “வயிறு நல்லாத்தானே இருக்கு” என்பவரை நோயில்லை என்று அனுப்பிவிடுவோம், “நெஞ்சுக்குழியில எரியுது” என்பவருக்கு அல்சர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவோம்.

நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் நடுவில், கமோர்ட்டாவுக்கும் நான்கௌரிக்கும் மேற்கே இருக்கிறது கட்சால். சுமார் 174 சதுர கிலோமீட்டர் நிலம். 2001 கணக்கெடுப்பில் 5,312 பேர் இருந்தார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. 2011 கணக்கெடுப்பில் 2,685 பேர்தான். நிக்கோபாரி மக்களின் தென்னந்தோப்புகளோடு இங்கே ரப்பர்த் தோட்டமும் உண்டு. அதில் பால் வெட்ட வந்தவர்கள் தமிழர்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. வந்தவர்களில் பலருக்கு நீலகிரித் தேயிலை, சிலருக்குப் புனலூர், சுள்ளியா ரப்பர். ஒரு சிறு பகுதியினருக்கு மறுபடியும் ஒரு கடல், மறுபடியும் ஒரு தீவு.

இந்த மக்களின் வரலாற்றில் கொக்கிப்புழு புதிய விருந்தாளி அல்ல. 1887இல் இலங்கை மருத்துவத் துறையின் தலைவர் கின்சி, தீவில் பரவியிருந்த சோகையைப் பற்றி எழுதிய அறிக்கைக்கு ‘ரத்தசோகை அல்லது பெரிபெரி’ என்று தலைப்பிட்டார். வெளுத்து, வீங்கி, மூச்சுவாங்கி விழுந்த தொழிலாளர்களுக்கு என்ன நோய் என்று பிரித்தறியவே அந்தக் காலத்து மருத்துவர்கள் திணறினார்கள். 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தொடங்கியபோது, சோதித்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் மலத்தில் புழுவின் முட்டை இருந்தது. மருந்து கொடுத்தார்கள், சில மாதங்களில் புழு திரும்பி வந்தது. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடு ஒவ்வொன்றுக்கும் கழிப்பறை கட்டினால்தான் தீரும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள்; செலவு அதிகம் என்று தோட்ட நிர்வாகங்கள் தயங்கின. கழிப்பறைக்குப் பதிலாக மண்டபம் முகாமில் வழி தேடினார்கள். ராமநாதபுரக் கரையில் கப்பலுக்குக் காத்திருந்த தொழிலாளர்களுக்கு 1920களில் அங்கேயே புழு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். புழுவைக் கொண்டுவருபவர் தொழிலாளி என்பது அதன் உள்ளர்த்தம். புழு பெருகியதோ கழிப்பறை இல்லாத தோட்ட மண்ணில். இந்த அநியாயத்தை இன்று படிக்கும்போதும் மனம் கொதிக்கிறது. 1964க்குப் பின் அதே மக்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து இறங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான்.

புழுவுக்கு வேண்டிய மண் எப்படிப்பட்டது? ஈரம் வேண்டும், நிழல் வேண்டும், காற்றோட்டமுள்ள பொலபொலப்பு வேண்டும், 23 முதல் 33 டிகிரி வரை வெப்பம் வேண்டும். நிக்கோபாரின் ஆண்டு முழுவதற்குமான தட்பவெப்பம் கிட்டத்தட்ட இதுவே. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் தீவில், சருகு மூடிய ரப்பர்த் தோப்பின் தரை எந்நேரமும் குளிர்ந்து ஈரமாகக் கிடக்கும். அங்கே யாரேனும் வெளிக்குப் போனால், மலத்தோடு விழும் முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். வெளிவந்த இளம்புழு இருமுறை தோலுரித்து, ஐந்து முதல் பத்து நாட்களில், மனிதத் தோலைத் துளைக்கும் பருவத்தை எட்டும். அதற்கு வாய் மூடியிருக்கும், சாப்பாடு கிடையாது. உடலில் சேர்த்துவைத்த சத்தில் மூன்று நான்கு வாரம் தாக்குப்பிடிக்கும். மண்ணின் ஈரப்படலத்தில் மேலேறி, ஒரு கால் வருமா என்று காத்திருக்கும். ரப்பர் பால் நன்றாக ஊறுவது விடியற்காலையில். அதனால் வெட்டுபவர்கள் தரை ஈரமாக இருக்கும் நேரத்தில்தான் தோப்புக்குள் நடக்கிறார்கள்.

தோல் வழியாகப் புழு நுழையும் என்பதே ஒரு விபத்தில் தெரியவந்தது. 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் கையில் இளம்புழு கலந்த நீர் சிந்தியது. அந்த இடம் எரிந்து சிவந்தது. பின்னர் அவர் மலத்திலேயே முட்டைகள் வந்தன. காலில் நுழையும்போது விரலிடுக்கில் அரிப்பும் சின்னச் சின்னக் கொப்புளமும் வரும். சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு மறந்துவிடுவோம். அதற்குள் புழு ரத்தத்தில் ஏறி நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் இறங்கிவிடும்.

குடலில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வளர்ந்த புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம், தையல் நூல் தடிமன். அதன் வாய் ஒரு கிண்ணம். நம் ஊரில் அதிகம் காணப்படும் நெக்கேட்டர் இனத்துக்கு அந்தக் கிண்ணத்தில் வெட்டும் தகடுகள். ஆங்கிலோஸ்டோமா இனத்துக்குக் கூரிய பற்கள். குடலின் உட்சவ்வில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் பரவியிருக்கின்றன. அவற்றில் ஒரு கொத்தை இந்தக் கிண்ணத்துக்குள் இழுத்துக் கவ்வி, திசுவைக் கரைக்கும் நொதிகளை விட்டு, நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கிழிக்கிறது புழு. பட்டையைக் கீறி வழியும் ரப்பர் பால் உறையாமலிருக்கச் சிரட்டையில் அம்மோனியா சொட்டுவிடுவார்களே, அந்த வேலையைப் புழுவின் உமிழ்நீர் செய்கிறது: ரத்தம் உறைவதற்கான சங்கிலியில் ஒரு முக்கியக் கண்ணியை அது முடக்குகிறது. சில மணி நேரம் உறிஞ்சிவிட்டு வேறிடம் போய்க் கடிக்கும். விட்டுப்போன காயத்தில் ரத்தக் கசிவு நிற்காது. புழு குடிப்பதோடு, குடிக்காமல் வீணாகும் ரத்தமும் உண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

முதன்முறை தொற்றுபவரின் உடல் இதைச் சும்மா விடுவதில்லை. இளம்புழுக்கள் குடலில் ஊன்றிக் கடிக்கத் தொடங்கும் நான்காவது வாரத்திலிருந்து தொல்லை ஆரம்பிக்கும். நெஞ்சுக்குழியில் வலி, சாப்பிட்டபின் வயிறு உப்பி இறுகுதல், குமட்டல், வாயு, சிலருக்கு வாந்தி, பலருக்கு விட்டுவிட்டுப் பேதி. இயோசினோஃபில் என்ற வெள்ளணு வகை ரத்தத்தில் எகிறும். தொற்றி ஐந்து முதல் ஒன்பது வாரங்களுக்குள் அது உச்சத்தைத் தொடும். புழு போன்ற பெரிய எதிரியை விழுங்க முடியாது என்பதால், இந்த அணுக்கள் குடல் சவ்வில் திரண்டு தம்முள்ளிருக்கும் நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. அந்த நச்சு புழுவை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்காது. அருகிலிருக்கும் நம் திசுவையும் புண்ணாக்கும். சவ்வு சிவந்து வீங்கும், நீர் கசியும், குடல் தசை இறுகிப் பிடிக்கும். நோயாளி உணரும் வலியில் பெரும்பங்கு புழுவின் கடியால் வருவதல்ல; உடலின் சொந்தப் படை நடத்தும் சண்டையால் வருவது. இதைத்தான் குடல் அழற்சி என்கிறோம்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தன்னார்வலர்களுக்கு நெக்கேட்டர் இளம்புழுக்களை எண்ணித் தோலில் வைத்துச் சோதித்தார்கள். பத்து புழுக்களைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டார்கள். ஐம்பது, நூறு என்று ஏற்றியபோது வயிற்றுத் தொல்லை கடுமையானது. அதுவரை கொக்கிப்புழுவையே அறியாத உடல்கள் அவை.

அறிந்த உடல் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. சிறுவயதிலிருந்தே ஆண்டுதோறும் சில புழுக்கள் வந்து சேரும் ஊரில், மாதங்கள் போகப்போக வலி மங்கிவிடும். காரணம், புழு வெளியிடும் புரதங்கள் நம் நோயெதிர்ப்பு அமைப்பைத் தணிக்கின்றன. எதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்காற்று அணுக்கள் பெருகுகின்றன. ‘போதும், அமைதி’ என்று கட்டளையிடும் இன்டர்லூக்கின்-10 போன்ற வேதிச் செய்திகள் கூடுகின்றன. இயோசினோஃபில் அளவும் இறங்கிவிடும். புழு தன் பாதுகாப்புக்காகச் செய்யும் இந்த ஏற்பாட்டில் நமக்கும் வலி குறைகிறது. ஆனால் ரத்தக் கசிவு குறைவதில்லை. நெக்கேட்டர் சராசரியாக மூன்று முதல் ஐந்து ஆண்டு வாழும். அத்தனை காலமும் வயிறு முறையிடாது. உடல் மட்டும் வற்றிக்கொண்டே போகும்.

எவ்வளவு வற்றும் என்பதைக் கணக்கிட முடியும். ஒரு நெக்கேட்டர் புழுவால் நாளொன்றுக்கு இழக்கும் ரத்தம் சுமார் 0.03 மில்லி. ஆங்கிலோஸ்டோமா டியோடினேல் என்றால் சுமார் 0.2 மில்லி. நூறு நெக்கேட்டர் இருந்தால் தினம் மூன்று மில்லி. அதில் போகும் இரும்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம். சாதாரணச் சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்ளும் இரும்பே ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான். கசிந்த ரத்தம் குடலிலேயே செரிப்பதால் அதிலுள்ள இரும்பில் ஒரு பங்கு மறுபடி உடலில் சேரும் என்பது சிறு ஆறுதல். சோறும் தேங்காயும் மீனும் தாராளமாகக் கிடைக்கும் ஆணுக்கு இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட வழியுண்டு. மாதவிலக்கிலும் பிள்ளைப்பேற்றிலும் ஏற்கெனவே இரும்பை இழக்கும் பெண்ணுக்கு வழி குறைவு. ரத்தத்தோடு புரதமும் கசிவதால், கடுமையாகத் தொற்றியவருக்குக் காலும் முகமும் வீங்கும். களைப்பு, படபடப்பு, சாம்பலும் மண்ணும் பச்சரிசியும் தின்னத் தோன்றும் ஆசை என்று வரும்போதுதான் வீட்டில் கவலைப்படுவார்கள். கைக்குழந்தைகளுக்குக் கனமாகத் தொற்றினால் மலம் தார் போல் கறுத்துப்போகும். அது அவசர நிலை.

தொடக்கத்தில் சொன்ன இரண்டாமவருக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்தில், டவுன்ஸ்வில் பக்கம், 1980களின் இறுதியில் காரணம் புரியாத கடும் வயிற்றுவலியோடு பலர் வந்தார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தால் சிறுகுடலின் கடைப்பகுதி தடித்துச் சிவந்திருக்கும். திசுவில் இயோசினோஃபில் நெருக்கமாகக் குவிந்திருக்கும். ஜான் குரோஸ், பால் ப்ரோசிவ் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் அதற்கு நாய்க் கொக்கிப்புழுதான் காரணம் என்று 1990இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மனிதக் குடலில் அந்தப் புழு வளர்ந்து முட்டையிட முடியாது. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நம் எதிர்ப்பைத் தணிக்கும் கலையை அது நம்மிடம் பழகியிருக்கவில்லை. அதனால் உடல் முழு ஆவேசத்தோடு பாய்கிறது. முட்டை இல்லாததால் மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது.

நாயிலிருந்து வந்து மனிதரிடம் முட்டையும் இடக்கூடிய இனம் ஒன்று உண்டு. அதன் பெயரிலேயே இலங்கை இருக்கிறது: ஆங்கிலோஸ்டோமா சைலானிக்கம். கையில் நீர் சிந்திய அதே லூஸ், 1911இல் இலங்கைப் புனுகுப் பூனை ஒன்றின் குடலிலிருந்து கிடைத்த புழுவுக்கு இட்ட பெயர் அது. இரண்டே ஆண்டுகளில் கிளேட்டன் லேன் வங்காளத்தில் மனிதர்களிடமும் அதைக் கண்டார். நெடுங்காலம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. முட்டைகள் எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி இருப்பதால் நுண்ணோக்கியில் பிரித்தறியவும் முடியாது. மரபணுச் சோதனை வந்தபின், தென்கிழக்காசியாவில் மனிதரைத் தொற்றும் கொக்கிப்புழுக்களில் இரண்டாவது இடம் இதற்கு என்று தெரிந்தது. மேல்வயிற்று வலி, பேதி, உயர்ந்த இயோசினோஃபில் என அழற்சியின் அறிகுறிகளை இது உண்டாக்கும். நிக்கோபார்த் தீவுகள் தென்கிழக்காசியாவுக்கு எவ்வளவு பக்கம் என்பதையும், குடியிருப்புகளில் நாய்கள் எவ்வளவு சகஜமாகத் திரிகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்து ஓய்ந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். நாய்க்கும் பூனைக்கும் கால்நடை மருத்துவர் கொடுக்கும் புழு மருந்து இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

தீவில் நோயைக் கண்டுபிடிப்பதற்கும் தனிச் சிக்கல் உண்டு. மலத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் கிளிசரினில் தெளியவைத்துப் பார்க்கும் காட்டோ-காட்ஸ் முறைதான் உலகெங்கும் வழக்கம். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது; அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால் கிளிசரினில் அதுவும் தெளிந்து கண்ணுக்கு மறைந்துவிடும். சரி, மாதிரியை அப்படியே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றால், கப்பல் போர்ட் பிளேர் சேருவதற்குள் வெப்பத்தில் முட்டை பொரித்து இளம்புழு நெளியும். அதை ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற வேறொரு புழுவின் குஞ்சாக நினைத்துவிட வாய்ப்புண்டு. அதற்கு மருந்தே வேறு. ஆகவே பரிசோதனை தீவிலேயே, அன்றைக்கே, பழகிய கண்ணால் நடக்க வேண்டும். அதற்கு நல்ல நுண்ணோக்கியும், பயிற்சி பெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவரும் போதும். தோப்பில் நடக்கும் ஒருவர் நெஞ்சுக்குழி வலி என்று வந்தால், ஆண்டாசிட் எழுதுமுன் வெள்ளணு வகைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதும், சில வாரங்களுக்கு முன் காலில் அரிப்பு வந்ததா என்று கேட்பதும் செலவில்லாத வேலைகள். முட்டையிட ஐந்தாறு வாரமாவது ஆகும் என்பதால், வலி தொடங்கிய புதிதில் மலம் சுத்தமாக இருந்தாலும் புழு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மருந்து எளிது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை. கொக்கிப்புழு தொற்றியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குப் புழு முழுதும் போய்விடும், மற்றவர்களுக்கு எண்ணிக்கை குறையும். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் தவிர்க்க வேண்டும். 2015 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் ஆண்டுக்கு இருமுறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருவது இந்த மாத்திரையைத்தான். ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரை.

இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. உருண்டைப்புழு பிள்ளைகளிடம் அதிகம். அதற்கு இந்தத் திட்டம் பொருத்தம். கொக்கிப்புழுவின் கணக்கு வேறு: வயது ஏற ஏறத் தொற்று கூடும் அல்லது குறையாமல் நிற்கும். தோட்டத்திலும் வயலிலும் மண்ணை மிதிப்பவர் பெரியவர். பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அப்பாவையும் பாட்டியையும் விட்டுவிட்டால், அவர்களிடமிருந்து விழும் முட்டைகள் அதே மண்ணில் காத்திருக்கும். மருந்தெடுத்த ஓராண்டுக்குள் தொற்று பழைய அளவில் பாதிக்கும் மேல் திரும்பிவிடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன் மாத்தளைத் தோட்டங்களில் கண்டதும் இதையே.

ஊர் முழுவதற்கும், எல்லா வயதினருக்கும் மருந்து கொடுத்தால் பரவலையே நிறுத்திவிட முடியுமா என்று பார்க்க ‘டிவார்ம்-3’ என்ற பெரிய சோதனை நடந்தது. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி. இந்தியாவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் வீடு வீடாகப் போய், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று ஆண்டுகள் கொடுத்தார்கள். மலைப்பாதையில் சிதறிக் கிடக்கும் ஊர்களிலேயே இப்படி வீடு வீடாக மருந்து கொடுப்பது சாத்தியமானது. கட்சாலின் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள். ஆஷா பணியாளர்களும் துணைச் செவிலியர்களும் ஒரு வாரத்தில் எல்லா வீட்டுப் படியும் ஏறிவிடலாம். ஏறும்போது மாத்திரையோடு இரும்புச்சத்து மாத்திரையும் கையில் இருக்கட்டும். புழு போனாலும் காலியான இரும்புக் கையிருப்பு தானாக நிரம்பாது, ரத்த அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிட வேண்டும். வயிறு வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லை என்பவரை விட்டுச் செல்லாமல், எல்லோருக்கும் கொடுத்து, கண்ணெதிரில் விழுங்கவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகட்டும். கழிப்பறை இடிந்த வீடு, தண்ணீர் வராததால் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை, தோப்பு வேலைக்குச் செருப்பில்லாமல் போகிறவர் என்று அந்த நடையில் தெரியவருவதையும் அதே பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி போகும்போது எந்த வீட்டில் தொற்று திரும்பியிருக்கிறது, அங்கே எது சரி செய்யப்படவில்லை என்று அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் பார்க்க முடியும்.